இப்னு நஃபீஸும் மூச்சின் வழியும்

உள்ளிழுக்கும் காற்றிலுள்ள பிராணவாயு நுரையீரலில் குருதியோடு கலக்கிறது. குருதியிலுள்ள கரியமில வாயு வெளியேறுகிறது. பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த செய்திதான் இது. ஆனால், குருதி எவ்வழியே சென்று காற்றைச் சந்திக்கிறது என்னும் வினாவுக்கு, உலகம் 1,000 ஆண்டுகளுக்கு மேல் ஒரு தவறான விடையையே ஓதி வந்தது.

அவ்விடையைத் தந்தவர், அரபிகள் ஜாலீனூஸ் என்றழைத்த கிரேக்க மருத்துவர் கேலன். கி.பி. 2ஆம் நூற்றாண்டினர். குரங்கு, பன்றி முதலியவற்றை அறுத்து ஆராய்ந்தவர். இருதயத்தின் வலப்புறத்தையும் இடப்புறத்தையும் பிரிக்கும் சுவரில் கண்ணுக்குப் புலப்படாத துளைகள் உள்ளன. அவற்றின் வழியே குருதி கசிந்து இடப்புறம் சேர்ந்து, அங்கே காற்றின் சாரத்தோடு கலக்கிறது என்றார் அவர். மாமேதை இப்னு ஸீனாவும் தம் 'கானூன்' நூலில் இத்துளைக் கொள்கையைக் கைவிடவில்லை.

குர்பானி ஆட்டின் இருதயத்தை அறுத்துப் பார்த்தவர்கள் அறிவர்: அந்தச் சுவர் தடித்த சதை. எனினும், பெரியோர் சொல்லுக்கு முன்னே கண்கண்டதும் மறைந்து போவதுண்டு!

மறையாதவர் ஒருவர் இருந்தார். திமிஷ்கில் மருத்துவம் பயின்று, கெய்ரோவில் புகழ்பெற்ற அலாவுத்தீன் இப்னு நஃபீஸ் அவர். நம் கடற்கரையூர்களில் பலர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின் சட்ட அறிஞரும் ஆவார். 1242ஆம் ஆண்டளவில், 'கானூன்' நூலின் உடற்கூற்றுப் பகுதிகளுக்கு அவர் ஓர் உரை எழுதினார். உரையாசிரியர் மூல நூலைத் தாங்கிப் பேசுவதே மரபு. இவரோ மூலத்தையே மறுத்தார். அந்தச் சுவர் கெட்டியானது; புலப்படும் துளையும் இல்லை, புலப்படாத துளையும் இல்லை. ஆகவே வலப்புறக் குருதி நுரையீரலுக்குச் சென்று, அங்கே பரவிக் காற்றோடு கலந்து, பின்னரே இடப்புறத்தை அடைய வேண்டும் என்றார். நுரையீரலில் தமனிக்கும் சிரைக்கும் இடையே நுண்ணிய வழிகள் உண்டு என்றும் குறித்தார். அவ்வழிகளாகிய தந்துகிகளை, தவளையின் நுரையீரலில், நுண்ணோக்கி கொண்டு இத்தாலியரான மால்பீகி கண்டது 1661இல்! இடையில் கழிந்தவை 400 ஆண்டுகளுக்கும் மேல்.

ஷரீஅத்தின் தடையும் இயல்பிலுள்ள இரக்கமும் தம்மை அறுவை ஆய்வில் இறங்க விடவில்லை என்று முன்னுரையில் எழுதுகிறார் இப்னு நஃபீஸ். உள்ளேயோ, அறுவை ஆய்வே முன்னோர் கூற்றைப் பொய்ப்பிக்கிறது என்கிறார். அவர் அறுத்துப் பார்த்தாரா, அறிவால் உய்த்துணர்ந்தாரா? அறிஞர்கள் இன்றும் இரு கட்சியாகவே நிற்கின்றனர்.

அவர் எல்லாம் கண்டார் என்று நாம் சொல்லிவிடலாகாது. பிராணவாயுவை அவர் அறியார். காற்றும் குருதியும் கலந்து உயிராற்றல் பிறக்கிறது என்னும் பழங்கொள்கையையே அவரும் ஏற்றிருந்தார். குருதி உடல் முழுதும் சுற்றி மீள்வதை நிறுவியவர் இங்கிலாந்தின் ஹார்வி, ஆண்டு 1628. மீனுக்கோ இந்த வழிச் சிக்கலே இல்லை. அதன் இருதயத்துக்கு இரு பக்கங்கள் கிடையா. குருதி செவுளில் பிராணவாயுவைப் பெற்று, அங்கிருந்து நேரே உடலுக்குப் போய்விடுகிறது. மனிதனுக்கும் ஆட்டுக்கும் பறவைக்குமோ குருதி இருமுறை இருதயத்தைக் கடந்தாக வேண்டும்.

ஐரோப்பாவில் 1553இல் ஸெர்வெட்டஸும், 1559இல் கொலம்போவும் இதே நுரையீரல் வழியை எழுதினர். இப்னு நஃபீஸிடமிருந்து எடுத்துக்கொண்டனர் என்று அடித்துப் பேசுவோர் நம்மிடையே உண்டு. அதற்கு உறுதியான சான்று இல்லை. சான்றின்றிப் பேசுவது, சுவரில் துளை கண்ட கதையாகிவிடும். நம்மை வருத்த வேண்டியது வேறு. அவருடைய உரை நம்மவர் கையிலேயே இருந்தது. ஆனால் இப்பகுதியைப் பொருட்படுத்தியவர் மிகச் சிலர்.

1924இல், ஜெர்மனியில் பயின்ற எகிப்திய மருத்துவர் முஹ்யித்தீன் தத்தாவி, பெர்லின் நூலகத்திலிருந்த கையெழுத்துப் பிரதியில் இச்செய்தியைக் கண்டு, தம் பட்ட ஆய்வேட்டில் வெளியிட்டார். கெய்ரோவில் வாழ்ந்த ஜெர்மானிய அறிஞர் மாக்ஸ் மேயர்ஹோஃப் அதை உலகறியச் செய்தார். தம் இல்லத்தையும் நூல்களையும் கெய்ரோ மன்ஸூரி மருத்துவமனைக்கு அளித்துவிட்டு இப்னு நஃபீஸ் மறைந்தது 1288இல்.