கோட்டைப் பெயரும் தோட்டப் பெயரும்

ஊர்ப்பெயர் ஒருவகைக் கல்வெட்டு. அதனை இட்டவர் வேந்தராயினும் வினைஞராயினும், படிக்கத் தெரிந்தவர்க்கு அது வரலாறு கூறும். மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், ஆறு கடலொடு கலக்கும் இடத்தில் அமைந்த கோல சிலாங்கூர் இதற்குத் தக்க சான்று. ஒரு பகற்பொழுதில் கால்நடையாகவே சுற்றிப் பார்த்துவிடத்தக்க சிற்றூர் அது. எனினும் அங்குள்ள பெயர்களின் வரலாறு இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேற்பட்டது.

கிள்ளானிலிருந்து வடக்கே செல்லும் சாலையில் காப்பார், ஜெராம் ஆகிய ஊர்களைக் கடந்து கோல சிலாங்கூரை அடையலாம். ஜெராம் வட்டாரத்தில் சுங்கை செம்பிலாங் என்றோர் ஊர் உண்டு. மலாய் மொழியில் 'சுங்கை' என்பது ஆறு. 'செம்பிலாங்' என்பது முள்ளால் குத்தி நோவு தரும் ஒருவகைக் கெளிற்று மீன். ஆற்றையும் மீனையும் அறிந்தோர் வழங்கிய பெயர் இது என்பது வெளிப்படை.

குன்றின் மேல்

கோல சிலாங்கூரில் முதற்கண் ஏற வேண்டியது மெலாவத்திக் குன்று. மேலே நின்று நோக்கினால் ஒருபுறம் ஆறும் மறுபுறம் மலாக்கா நீரிணையும் தெரியும். உள்நாட்டு ஈயம் ஆற்றின் வழியே கடலுக்கு வந்த காலத்தில், ஆற்றின் வாயிலைக் காத்தவனுக்கே வாணிகமும் வரியும் உரியனவாயின. குன்றில் கோட்டை எழுந்த காரணம் இதுவே.

ஈய வாணிகத்தைத் தம் கைக்குள் அடக்க விரும்பிய டச்சுக்காரருக்கும் பூகிஸ் மரபினருக்கும் பகை முற்றியது. 1784 ஆம் ஆண்டில் மலாக்காவை முற்றுகையிட்ட ராஜா ஹாஜி போரில் மாண்டார். அவருக்குத் துணைநின்ற சிலாங்கூர்ச் சுல்தான் இப்ராஹிம் மீது டச்சுக் கப்பற்படை திரும்பியது, கோட்டை வீழ்ந்தது. வென்றவர்கள் தம் தலைமை ஆளுநர் அல்திங்கின் பெயரால் அதற்கு 'அல்திங்ஸ்பர்க்' என்றும், அருகிலிருந்த மற்றொரு கோட்டைக்கு 'உத்ரெக்ட்' என்றும் பெயரிட்டனர். பகாங்கில் புகலடைந்திருந்த சுல்தானோ மறு ஆண்டே படைதிரட்டிக் காட்டுவழியே மீண்டு, இரவில் தாக்கிக் கோட்டையைக் கைப்பற்றினார். வென்றவர் வைத்த பெயர் ஓராண்டுகூட அங்கு ஆட்சி செய்யவில்லை.

இன்று குன்றின் மேல் பழம் பீரங்கிகளும், இப்ராஹிம் முதலிய சுல்தான்களின் அடக்கத்தலமும், 1907 ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் ஆட்சியில் எழுந்த கலங்கரை விளக்கமும் உள்ளன. அல்திங்கின் பெயர் அவ்விளக்கத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஊரார் நாவில் வழங்குவதோ மெலாவத்தி என்பதே.

கடைத்தெருவில்

குன்றை விட்டிறங்கிக் கடைத்தெருவில் நடப்போர் பலகைதோறும் 'கெடாய்' என்னும் மலாய்ச் சொல்லைக் காண்பர். அது நம் 'கடை'யே. கடலில் செல்லும் 'கப்பால்' நம் 'கப்பல்'. படையெடுத்து வந்து புகுத்திய சொற்கள் அல்ல இவை. வாணிகத்தால் பரிமாறப்பட்டு வேரூன்றியவை.

தென்னமரம்

பிற்பகலில் பேருந்தேறி உள்நாட்டுப் பக்கம் சென்றால், 2007 ஆம் ஆண்டு முதல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறிய பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத்தை அடையலாம். அங்குள்ள ஒரு தோட்டத்தின் பெயர் 'தென்னமரம்'. ஆங்கிலப் பதிவேடுகளிலும் அத்தமிழ்ச் சொல்லே எழுதப்பட்டது.

காப்பிப் பயிர் பயன் தராத அந்நிலத்தில் 1917 ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் ஆன்ரி ஃபோக்கோனியே செம்பனையை நட்டார். மலாயாவில் வாணிக நோக்குடன் செம்பனை பயிரிடப்பட்டது அதுவே முதன்முறை. 1930 ஆம் ஆண்டில் பிரான்சின் கோன்கூர் இலக்கியப் பரிசு பெற்ற 'மலேசி' புதினத்தின் ஆசிரியரும் அவரே. மேற்கு ஆப்பிரிக்கத் தாயகத்திலிருந்து வந்து, 1848 ஆம் ஆண்டில் ஜாவாவின் போகோர்த் தோட்டத்தில் ஊன்றப்பட்ட நான்கு மரங்களின் வழிவந்தது அக்காலச் செம்பனை. உலகெங்கும் எண்ணெய் விற்கும் ஒரு பெருந்தொழில், தென்னையின் தமிழ்ப் பெயர் தாங்கிய மண்ணில் தொடங்கியது.

ஃபோக்கோனியேயின் பெயரை நூல்கள் போற்றுகின்றன. ஆனால் காடழித்தும், பால்வெட்டியும், குலை சுமந்தும் இத்தோட்டங்களை உருவாக்கியோருள் பெரும்பகுதியினர் கங்காணிகள் வழி வந்த தமிழர். 1910 ஆம் ஆண்டில் ஒப்பந்தக் கூலிமுறை நின்றது. 1938 ஆம் ஆண்டில் இந்திய அரசு உதவிபெற்றுச் செல்லும் தொழிலாளர் குடியேற்றத்தைத் தடைசெய்தது. அவ்வளவு காலமும் வந்தோரின் பெயர்களைக் கல்லில் பொறித்தவர் இலர். 1980களுக்குப் பின்னர்த் தோட்ட மக்கள் பலர் நகரங்களுக்குப் பெயர்ந்தனர்; லயங்கள் பல அழிந்தன.

ஆங்கிலக் கம்பெனிகள் இட்ட பெயர்களோடு, தொழிலாளர் தமக்குள் வழங்கிய தமிழ்ப் பெயர்களும் பல தோட்டங்களுக்கு இருந்தன. தென்னமரம் ஏட்டில் ஏறியதால் நின்றது. ஏட்டில் ஏறாதவை முதியோர் நாவில் மட்டுமே உள்ளன. அவர்கள் மறையும்போது அவையும் மறையும். கோட்டைப் பெயரைக் காக்கப் பீரங்கிகளாலும் இயலவில்லை. தோட்டப் பெயரைக் காக்க ஓர் எழுதுகோலே போதும். தமிழாசிரியர்கள் தம் மாணவரைப் பாட்டனாரிடமும் பாட்டியாரிடமும் அனுப்பி, அப்பெயர்களைக் கேட்டெழுதி வரச் செய்வார்களாயின், கல்லில் ஏறாத வரலாறு ஏட்டிலேனும் ஏறும்.