உப்பு நீரில் கரைதல்

திண்மம் ஒன்று நீர்மத்தில் துகள் துகளாகப் பிரிந்து சீராகப் பரவுவது கரைதல். கரைவது கரைபொருள், கரைப்பது கரைப்பான், இரண்டும் கலந்தது கரைசல். சர்க்கரை தண்ணீரில் 'உருகிவிட்டது' என்று பேச்சில் சொல்வதுண்டு. அது சரியன்று. உருகுவதற்கு வெப்பம் போதும். கரைவதற்கு இன்னொரு பொருள் வேண்டும்.

சமையல் உப்பான சோடியம் குளோரைடின் படிகத்தில் நேர்மின் சோடியம் அயனிகளும் எதிர்மின் குளோரைடு அயனிகளும் மாறி மாறி அடுக்கப்பட்டுள்ளன. ஒவ்வோர் அயனியையும் எதிர்வகை அயனிகள் ஆறு இறுகப் பிடித்திருக்கும். உப்பை உருக்கி இந்தப் பிடியைக் குலைக்க 801 டிகிரி செல்சியஸ் வேண்டும். அதே பிடியைக் குடத்துத் தண்ணீர் சூடில்லாமலே அவிழ்த்துவிடுகிறது. கரைதலில் வியப்புக்குரியது இதுதான்.

நீர் மூலக்கூறின் ஆக்சிஜன் பக்கம் சற்றே எதிர்மின் தன்மையும், ஹைட்ரஜன் பக்கம் சற்றே நேர்மின் தன்மையும் கொண்டது. கல் உப்பு ஒன்றைத் தண்ணீரில் இட்டால் முனைகளிலும் விளிம்புகளிலும் உள்ள அயனிகளே எளிதில் பெயரும். அங்கே அவற்றைப் பிடித்திருக்கும் அண்டை அயனிகள் குறைவு. கூரிய உப்புக்கல் கரையக் கரைய மழுங்குவது இதனால்தான். பெயர்ந்த சோடியம் அயனியை ஐந்தாறு நீர் மூலக்கூறுகள் ஆக்சிஜனை உள்நோக்கித் திருப்பிச் சூழ்ந்துகொள்ளும். குளோரைடை ஹைட்ரஜன் பக்கத்தால் சூழும். இது நீரேற்றம். படிகத்தைப் பிரிக்கச் செலவாகும் ஆற்றலில் பெரும்பகுதி இதில் திரும்பக் கிடைக்கிறது. எஞ்சிய சிறு குறையை நீரின் வெப்பம் ஈடுகட்டுவதால் கரைசல் லேசாகக் குளிரும்.

சர்க்கரை கரையும்போது மூலக்கூறுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுமே தவிர உடைவதில்லை; அதனால் சர்க்கரைக் கரைசல் மின்சாரத்தை நன்கு கடத்தாது. உப்புக் கரைசல் கடத்துவதற்கு அயனிகளே காரணம் என்று விளக்கியவர் ஸ்வீடனின் ஸ்வாந்தே அரீனியஸ். 1884இல் அவர் அளித்த ஆய்வேட்டுக்கு முதலில் பெரிய மதிப்பில்லை. 1903இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

25 டிகிரியில் 100 கிராம் நீர் சுமார் 36 கிராம் உப்பைக் கரைக்கும். அதற்கு மேல் இட்டது அடியில் தங்கும். பார்வைக்கு அசைவற்றுக் கிடந்தாலும் அங்கே படிகத்தைவிட்டு எத்தனை அயனிகள் வெளியேறுகின்றனவோ அத்தனை திரும்பி வந்து ஒட்டுகின்றன. இதுவே தெவிட்டிய கரைசல்.

தூத்துக்குடி, வேதாரண்யம் உப்பளங்களில் இதே நிகழ்வு திசைமாறி நடக்கிறது. கடல்நீர் வெயிலில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகச் சுண்டும்போது பாத்தியில் உப்புப் பூக்கும். மக்னீசிய உப்புகள் நீரிலேயே தங்கிவிடும். அந்த நீரை உரிய நேரத்தில் வடிக்காவிட்டால் விளைந்த உப்பு கசக்கும்.