சுவருக்கு உள்ளே இருந்த சுவர்கள்: சீனப் பேரரசில் அதிகாரமும் காவலும் கலகமும்



இந்த ஆண்டு நினைவுச் சொற்பொழிவில் சீன வரலாற்றைப் பேசலாம் என்று நான் சொன்னபோது, அமைப்பாளர்கள் சற்று யோசித்தார்கள். நம் ஊரிலேயே பேசித் தீராதது இவ்வளவு இருக்கும்போது சீனா எதற்கு என்ற கேள்வி நியாயமானதுதான். என் பதில் இது: பிறப்பை வைத்து மனிதரைத் தாழ்த்துவதில் அரசின் கை எது, சமூகத்தின் கை எது என்று பிரித்துப் பார்க்க நாம் கற்றுக்கொள்ள வேண்டும். அதற்கு வேறொரு நாட்டின் வரலாற்றை அருகில் வைத்துப் பார்ப்பது உதவும். சீனத்தில் அரசு ஆவணங்கள் ஏராளம். அங்கே அரசே சிலரை இழிந்தவர் என்று பதிவேட்டில் எழுதியது. பிறகு அரசே அதை நீக்கியது. நீக்கிய பின் என்ன நடந்தது என்பதுதான் இன்றைய உரையின் மையம். அதற்குப் போகும் வழியில் பெருஞ்சுவரைக் கடந்து போக வேண்டியிருக்கிறது.

1. மழையில் சிக்கிய 900 பேர்

கி.மு. 221இல் சின் அரசு மற்ற அரசுகளையெல்லாம் வென்று சீனாவை ஒரே ஆட்சியின் கீழ் கொண்டுவந்தது. வடக்கே புல்வெளி மக்களைத் தடுக்க, தளபதி மெங் தியான் தலைமையில் 3,00,000 பேர் கொண்ட படை அனுப்பப்பட்டது என்றும், சுவர் எழுப்பப்பட்டது என்றும் வரலாற்றாசிரியர் சிமா சியான் எழுதுகிறார். சாலை, கால்வாய், அரண்மனை, பேரரசரின் கல்லறை என்று எல்லாமே கட்டாய உழைப்பில் எழுந்தன. நம் சோழர் காலக் கல்வெட்டுகள் 'வெட்டி' என்று குறிப்பிடும் கூலியில்லா வேலை போன்றதுதான் அது.

பேரரசர் கி.மு. 210இல் இறந்தார். அடுத்த ஆண்டே, 900 ஏழைகள் வடக்கு எல்லைக் காவலுக்கு நடத்திச் செல்லப்பட்டார்கள். இன்றைய அன்ஹுய் மாநிலத்தில் உள்ள தாசேசியாங் என்ற இடத்தில் பெருமழை பிடித்துக்கொண்டது. பாதை மூழ்கியது. குறித்த நாளில் போய்ச் சேர முடியாது. தாமதத்துக்குத் தண்டனை மரணம். இவர்களில் சென் ஷெங் என்பவர் கூலிக்கு ஏர் உழுதவர். அவரும் வூ குவாங் என்ற தோழரும் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். ஓடினாலும் சாவு, எழுந்தாலும் சாவு என்றால் எழுந்தே சாகலாம் என்று முடிவெடுத்துக் காவல் அதிகாரிகளைக் கொன்றார்கள். அரசரும் அமைச்சரும் தனி விதையிலிருந்தா முளைக்கிறார்கள் என்ற பொருளில் சென் ஷெங் மற்றவர்களிடம் கேட்டதாகப் பதிவாகியிருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு கூலி உழவர் பிறப்பைக் கேள்விக்குள்ளாக்கிய இடம் இது. சீன மக்கள் இன்றும் நினைவில் வைத்திருக்கும் கேள்வி இது.

இதில் ஆய்வு மாணவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 1975இல் ஹுபெய் மாநிலத்தின் ஷுய்ஹுதி என்ற இடத்தில் சின் காலத்துக் கீழ்நிலை அதிகாரி ஒருவரின் கல்லறையிலிருந்து மூங்கில் ஏடுகள் கிடைத்தன. அவற்றில் கட்டாய உழைப்புக்கான சட்டமும் இருந்தது. மூன்று முதல் ஐந்து நாள் தாமதமானால் கண்டிப்பு. ஆறு முதல் பத்து நாள் என்றால் ஒரு கேடயத்தின் விலை அபராதம். அதற்கும் மேலானால் ஒரு கவசத்தின் விலை. மழை பெய்தால் வேலைக்கு அழைப்பதையே கைவிட வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. அப்படியானால் மரண தண்டனை என்பது கட்டுக்கதையா? எல்லைக் காவலுக்கும் ஊர் வேலைக்கும் ஒரே சட்டம்தானா என்பதில் அறிஞர்களிடையே விவாதம் இருக்கிறது. நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது வேறு. ஏட்டில் இருக்கும் சட்டத்தைக் கூலி உழவர் படித்திருக்கப் போவதில்லை. அவருக்குத் தெரிந்தது கையில் சவுக்கோடு உடன் வந்த அதிகாரியை மட்டும்தான். சட்டம் எவ்வளவு மென்மையாக எழுதப்பட்டிருந்தாலும் அது மக்களிடம் யார் வழியாக வந்து சேர்கிறது என்பதை வைத்தே அதன் பொருள் தீர்மானமாகிறது. இது நமக்குத் தெரியாத செய்தியா?

சென் ஷெங் தன்னை அரசராக அறிவித்துக்கொண்டார். பழைய நாளில் உடன் உழுத கூட்டாளி ஒருவர் பார்க்க வந்து, பழைய வறுமைக் கதைகளை அரண்மனையில் பேசியபோது, அவரைக் கொல்ல உத்தரவிட்டார். ஆறு மாத அளவில் அவருடைய தேரோட்டியே அவரைக் கொன்றுவிட்டார். ஆனால் அவர் தொடங்கிய நெருப்பு அணையவில்லை. சின் அரசு கி.மு. 207இல் சரணடைந்தது. வடக்கே சுவர் கட்டி வெளிப்பகையைத் தடுத்த அரசைக் காவலுக்குப் பிடித்துச் செல்லப்பட்டவர்களே வீழ்த்தினார்கள்.

2. ஏழையின் மகன் எழுதிய பதிவேடு

அடுத்து பதினான்காம் நூற்றாண்டுக்கு வருவோம். மிங் வம்சத்தை 1368இல் நிறுவிய சூ யுவான்சாங் பரம ஏழை உழவரின் மகன். 1344இல் பஞ்சத்திலும் கொள்ளைநோயிலும் பெற்றோரை இழந்தார். பௌத்த மடத்தில் சேர்ந்து பிச்சை எடுத்துத் திரிந்தார். செந்தலைப்பாகைக் கலகப்படையில் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்து பேரரசரானார்.

இப்படி வந்தவர் என்ன செய்தார்? குடும்பங்களை வகை பிரித்துப் பதிவேட்டில் எழுதினார். உழவர் குடும்பம், படைவீரர் குடும்பம், கைவினைஞர் குடும்பம், உப்புக் காய்ச்சும் குடும்பம். தகப்பன் படைவீரர் என்றால் மகனும் படைவீரர். வீரர் இறந்தாலோ ஓடிப்போனாலோ, அதிகாரிகள் அவருடைய சொந்த ஊருக்குப் போய் அதே குடும்பத்திலிருந்து இன்னொரு ஆணைப் பிடித்து வருவார்கள். நாட்டின் பாதுகாப்பு என்பது சில குடும்பங்களின் பிறவிக் கடன் ஆனது. பிறப்பின் சங்கிலியைத் தானே உடைத்து மேலே வந்த ஒருவர் அந்தச் சங்கிலியைப் பிறருக்குப் பூட்டினார்.

படைவீரர் குடும்பங்களுக்கு நிலம் ஒதுக்கி, அவர்களே பயிரிட்டு உண்ண வேண்டும் என்பது ஏற்பாடு. காலப்போக்கில் அதிகாரிகள் அந்த நிலங்களை வளைத்துக்கொண்டார்கள். வீரர்கள் பெருமளவில் ஓடிப்போனார்கள். 1449இல் துமு என்ற இடத்தில் மங்கோலிய ஒய்ராத்துகள் மிங் படையை நொறுக்கிப் பேரரசரையே சிறைபிடித்தார்கள். அதற்குப் பிறகு அரசு மெல்ல மெல்லச் சுவரை நம்பத் தொடங்கியது. இன்று படங்களில் நாம் காணும் செங்கல்லும் கல்லுமான சுவரின் பெரும்பகுதி மிங் காலத்தது. 2009இல் அறிவிக்கப்பட்ட அளவீட்டின்படி மிங் சுவரின் நீளம் மட்டும் 8,851 கிலோமீட்டர். அந்த நீளத்தை வியந்து பார்க்கும்போது, அதில் நின்று காவல் காத்தவர்களுக்குச் சம்பளம் போய்ச் சேர்ந்ததா என்றும் கேட்க வேண்டும்.

3. உள்ளிருந்து திறந்த கதவு

1618இல் வடகிழக்கே மஞ்சுக்கள் போர் தொடங்கினார்கள். அந்தப் போருக்காக நிலத்தின் மீது கூடுதல் வரி விதிக்கப்பட்டது. 1620க்குள் மூன்று முறை வரி ஏறியது. வெள்ளியாகக் கட்ட வேண்டிய வரி அது. 1628 அளவில் ஷான்சி மாநிலத்தின் வறண்ட வடபகுதியில் கடும் பஞ்சம். அதே வேளையில் செலவைக் குறைக்க அரசு அஞ்சல் நிலையங்களை வெட்டியது. வேலை இழந்தவர்களில் ஒருவர் மிச்சி ஊரைச் சேர்ந்த லி சிசெங். பஞ்சத்தில் அடிபட்ட உழவர்களும், சம்பளம் கிடைக்காமல் ஓடிய வீரர்களும், வேலை இழந்த அஞ்சல் ஊழியர்களும் சேர்ந்து கலகப் படையானார்கள்.

காவலுக்கான வரி மக்களைப் பட்டினியில் தள்ளியது, பட்டினி கலகமானது, கலகத்தை அடக்க இன்னொரு வரி வந்தது. இந்தச் சுழலிலிருந்து மிங் அரசால் வெளியே வர முடியவில்லை. 1644 ஏப்ரல் 25 அன்று லி சிசெங்கின் படை பெய்ஜிங்குக்குள் நுழைந்தது. கடைசிப் பேரரசர் சோங்சென் அரண்மனைக்குப் பின்னால் இருந்த குன்றில் தூக்கிட்டுக்கொண்டார்.

அப்போது சுவரின் கிழக்கு முனையான ஷான்ஹைகுவான் கோட்டை வூ சங்குய் என்ற மிங் தளபதியின் கையில் இருந்தது. வெளியே மஞ்சுக்கள், உள்ளே ஏழைகளின் படை. அவர் மஞ்சு இளவரசர் டோர்கோனோடு சேர்ந்துகொண்டு கதவைத் திறந்துவிட்டார். இரு படைகளும் சேர்ந்து லி சிசெங்கை முறியடித்தன. ஜூன் மாதம் மஞ்சுக்கள் பெய்ஜிங்குக்குள் வந்தார்கள். அவர்களுடைய சிங் வம்சம் 1912 வரை ஆண்டது.

வூ சங்குய் ஏன் அப்படிச் செய்தார் என்பதற்குப் பல விளக்கங்கள் சொல்லப்படுகின்றன. காதல் கதையும் உண்டு. லி சிசெங்கின் ஆட்கள் பெய்ஜிங்கில் அதிகாரிகளைச் சித்திரவதை செய்து பணம் பறித்ததும் உண்மை. எது எப்படியானாலும், உடைமை வர்க்கத்தின் பெரும்பகுதி புதிய ஆட்சியோடு விரைவில் சமரசமானது. எந்த அந்நியரைத் தடுக்க ஏழைகளிடம் வரி வாங்கினார்களோ, அதே அந்நியரின் துணையோடுதான் ஏழைகளின் படை ஒடுக்கப்பட்டது.

அந்தக் குழப்பமான ஆண்டுகளில் யாங்சி ஆற்றின் கீழ்ப்பகுதியில் இன்னொரு கலகமும் நடந்தது. பெரிய குடும்பங்களின் பரம்பரை அடிமைகள் பல ஊர்களில் எழுந்தார்கள். அவர்கள் அரியணை கேட்கவில்லை. தங்கள் அடிமைப் பத்திரத்தைத் திருப்பித் தரச் சொன்னார்கள். வம்சங்களின் கதையில் இதற்கு ஒரு பத்திதான் இடம் கிடைக்கிறது. என் பார்வையில், 1640களின் கலகங்களில் தனக்கு என்ன வேண்டும் என்று மிகத் தெளிவாகத் தெரிந்திருந்த கலகம் இதுதான்.

4. ஆணை வந்த பிறகு

இப்போது மையத்துக்கு வருகிறேன். சீனச் சட்டம் மக்களை நல்லவர், இழிந்தவர் என்று பிரித்தது. இழிந்தவர் பட்டியலில் பல குழுக்கள். ஷான்சி பகுதிகளில் 'இசைக் குடும்பங்கள்': விருந்திலும் சாவிலும் ஆடிப் பாட வேண்டியவர்கள். செச்சியாங் மாநிலத்தில் 'துவோமின்', அதாவது வீழ்ந்த மக்கள்: திருமணத்திலும் சாவிலும் வாத்தியம் வாசித்தார்கள், பெண்கள் மணப்பெண்ணுக்கு ஒப்பனை செய்தார்கள், இன்ன குடும்பத்துக்கு இன்னார் ஊழியம் என்பது பரம்பரை. குவாங்துங் கரையில் 'தான்' மக்கள்: படகிலேயே பிறந்து படகிலேயே சாக வேண்டியவர்கள். இவர்கள் அரசுத் தேர்வு எழுத முடியாது. மற்றவர்கள் இவர்களோடு மணவுறவு வைப்பதில்லை.

இதை நம் சாதியோடு அப்படியே ஒட்டவைக்கக் கூடாது. வேதமும் சாத்திரமும் சேர்ந்து எல்லோரையும் ஏணிப்படிகளில் நிறுத்திய ஏற்பாடு அங்கே இல்லை. பெரும்பான்மை உழவர்கள் இந்தப் பட்டியலுக்கு வெளியே இருந்தார்கள். ஆனாலும் பிறப்பு, தொழில், மணவிலக்கு என்ற மூன்று முடிச்சும் அங்கே இருந்தன.

1723இல் சிங் பேரரசர் யோங்செங் இசைக் குடும்பங்களையும் துவோமின்களையும் இழிந்தவர் பதிவிலிருந்து நீக்க ஆணையிட்டார். 1729இல் தான் மக்கள் கரையில் குடியேறலாம் என்றார். பேரரசர் சொல்லுக்கு மறுசொல் இல்லாத நாடு. பதிவேட்டில் எழுதியிருந்ததை அழித்தாயிற்று. பிறகு?

1771இல் அடுத்த பேரரசரின் ஆட்சியில் ஒரு விதி வந்தது. பழைய தொழிலை விட்டுவிட்டதாக அதிகாரியிடம் பதிய வேண்டும். அப்படிப் பதிந்தவரிலிருந்து நான்காவது தலைமுறைதான் தேர்வு எழுதலாம். அதுவரை நெருங்கிய உறவினர் எல்லோரும் 'தூய்மையாக' இருந்திருக்க வேண்டும். விடுதலை ஆணைக்குப் பின்னால் கொள்ளுப்பேரன் வரை நீளும் காத்திருப்புப் பட்டியல் ஒன்று வைக்கப்பட்டது. ஆணையில் நிலம் பற்றிப் பேச்சில்லை. வேறு தொழிலுக்கு வழியில்லை. 1912இல் குடியரசு அரசும் இவர்களுக்குச் சம உரிமை உண்டென்று மீண்டும் அறிவிக்க வேண்டியிருந்தது என்றால், இடைப்பட்ட ஏறத்தாழ 190 ஆண்டுகள் எப்படிக் கழிந்திருக்கும் என்று நீங்களே ஊகிக்கலாம்.

துவோமின்கள் வாழ்ந்த ஷாவ்சிங் ஊரில் பிறந்தவர் எழுத்தாளர் லூ சுன். 1933இல் அவர்களைப் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதினார். அதில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. புரட்சி நடந்த புதிதில், தங்கள் வீட்டுக்கு வழக்கமாக ஊழியம் செய்ய வந்த துவோமின் பெண்ணிடம் அவருடைய தாயார், இனி நாமெல்லாம் சமம், நீ வர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் முகம் சிவந்து கோபப்பட்டாராம். ஆயிரம் தலைமுறையானாலும் நாங்கள் வந்துகொண்டேதான் இருப்போம் என்றாராம். சிறு இனாமுக்காக அடிமைநிலையில் நிறைவு காணும் மனதை லூ சுன் இதில் பார்க்கிறார், வருந்துகிறார்.

லூ சுன் மீது பெருமதிப்புள்ளவன் நான். ஆனாலும் இந்த இடத்தில் அந்தப் பெண்ணின் பக்கம் நின்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வர வேண்டாம் என்று சொன்னவர்கள், அந்த வீட்டுப் படியிலிருந்து அவருக்குக் கிடைத்துவந்த வருமானத்துக்கு மாற்றாக எதைக் கொடுத்தார்கள்? அந்த வீடுகளின் மீது அவருக்கு இருந்த ஒரே உரிமை ஊழிய உரிமை. சமத்துவம் என்ற சொல் அந்த ஒன்றையும் வாங்கிக்கொண்டு, வெறுங்கையோடு அனுப்பப் பார்த்தது. அவருடைய கோபத்தில் அடிமை மனம் இருக்கலாம், கணக்கும் இருக்கிறது. தாசேசியாங் மழையில் சென் ஷெங் போட்டது போன்ற கணக்குதான். சென் ஷெங்குடன் 900 பேர் இருந்தார்கள். இந்தப் பெண் தனியாக நின்றார்.

தோழர்களே, இந்த நீண்ட வரலாற்றிலிருந்து நான் எடுத்துக்கொண்டவை மூன்று. நாட்டைக் காப்போம் என்று ஓர் அரசு சொல்லும்போது, அந்தக் காவலின் செலவை யார் தலையில் வைக்கிறது என்று முதலில் கேட்க வேண்டும். இரண்டாவது, கலகத்தில் வென்று மேலே போகிறவர் நம்மவர் என்பதாலேயே பதிவேடு மாறிவிடாது. சென் ஷெங்கும் சூ யுவான்சாங்கும் நம்மவர்கள்தான். மூன்றாவது, இழிவை நீக்கும் சட்டம் வேண்டும், அதற்காக உயிரைக் கொடுத்தும் போராட வேண்டும். ஆனால் நிலமும் தொழிலும் கல்வியும் கூடவே வராத சட்டம் அந்த ஷாவ்சிங் பெண்ணிடம் சொல்லப்பட்ட வார்த்தையாகவே நின்றுபோகும்.

'தீண்டாமை ஒழிக்கப்படுகிறது' என்று நம் அரசமைப்பின் 17ஆம் பிரிவு சொல்கிறது. அதை எழுதிய தலைமுறைக்கு நாம் என்றும் கடன்பட்டவர்கள். அந்த வரிக்குப் பின்னால் நம் தெருக்களில் எத்தனை தலைமுறைக் காத்திருப்பு மிச்சம் இருக்கிறது என்று கணக்கெடுக்கும் வேலை, இங்கே அமர்ந்திருக்கும் மாணவர்களுடையது.