கண்ணை மூடினால் பந்து கூடையில் விழுமா?

தன்னம்பிக்கைக் கூட்டங்களில் அடிக்கடி சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. கூடைப்பந்து ஆடும் மாணவர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்களாம். முதல் குழு 20 நாட்கள் ஃப்ரீ த்ரோ எறிந்து பழகியது. இரண்டாவது குழு பந்தையே தொடவில்லை. மூன்றாவது குழு தினமும் 20 நிமிடம் பந்து எறிவதாக மனதில் நினைத்துப் பார்த்ததோடு சரி. முடிவு? முதல் குழு 24 சதவீதம் முன்னேறியது, இரண்டாவது குழு பூஜ்யம், மூன்றாவது குழு 23 சதவீதம்!

கேட்டதும் கைதட்டத் தோன்றும். அப்படியானால் மைதானமே வேண்டாமே? அங்கேதான் சிக்கல்.

இந்தக் கதையை உலகம் முழுக்கக் கொண்டுபோனது, நியூயார்க் பிளாஸ்டிக் சர்ஜன் மாக்ஸ்வெல் மால்ட்ஸ் 1960-ல் எழுதிய 'சைக்கோ சைபர்னெடிக்ஸ்' என்ற புத்தகம். ஆனால் ஆராய்ச்சி அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. கையை அசைப்பதாக நினைத்தாலே கைத் தசையில் லேசான மின் அசைவு உண்டாகிறது என்பதை 1930-களை ஒட்டி எட்மண்ட் ஜேக்கப்சன் அளந்து காட்டினார். 1943-ல் வாண்டெல், டேவிஸ், க்ளக்ஸ்டன் ஆகிய மூவர் ஃப்ரீ த்ரோவையும் டார்ட் எறிவதையும் வைத்து மனப்பயிற்சியைச் சோதித்தார்கள்.

ஏன் ஃப்ரீ த்ரோ? தடுக்க யாரும் இல்லை. கோட்டிலிருந்து போர்டுக்கு 15 அடி, வளையம் 10 அடி உயரம். எந்த ஊர் மைதானத்திலும் இது மாறாது. மனதில் ஓட்டிப் பார்க்க இதைவிட வசதியான எறிதல் கிடையாது.

1960-ல் வெர்டெல் கிளார்க் செய்த ஆய்வுதான் முக்கியமானது. 144 உயர்நிலைப் பள்ளி மாணவர்கள், 14 நாள் பயிற்சி. பாதிப் பேர் நிஜமாக எறிந்தார்கள், பாதிப் பேர் மனதில் எறிந்தார்கள். பள்ளியின் முதல் அணி வீரர்களில் நிஜப் பயிற்சிக்கு 16 சதவீத முன்னேற்றம், மனப்பயிற்சிக்கு 15. அடுத்த நிலை அணியில் 24, 23. அட, கதையில் வரும் அதே எண்கள்! ஆனால் புதிதாக ஆட வந்தவர்களைப் பாருங்கள்: நிஜப் பயிற்சிக்கு 44, மனப்பயிற்சிக்கு வெறும் 26.

மேடைக் கதையில் இந்தக் கடைசி வரி வருவதே இல்லை. விஷயமே அதில்தான் இருக்கிறது. பந்தின் எடை, மணிக்கட்டின் மடக்கு, விரல் நுனியில் பந்து விடுபடும் உணர்வு எல்லாம் உடம்புக்குத் தெரிந்திருந்தால்தான் மனம் அதைத் திருப்பி ஓட்டிப் பார்க்க முடியும். சோமனூர் பக்கம் இதைச் சுலபமாகப் புரிந்துகொள்ளலாம். விசைத்தறி ஓட்டிப் பழகியவர், அறுந்த இழையை முடிச்சுப் போடுவதைக் கண்ணை மூடிக்கொண்டும் நினைத்துப் பார்ப்பார். தறியையே பார்க்காதவர் எதை நினைப்பார்?

பிறகு வந்த ஆய்வுகளும் இதையே சொல்கின்றன. 1994-ல் டிரிஸ்கெல், காப்பர், மோரன் ஆகியோர் பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். மனப்பயிற்சி பலன் தரும், ஆனால் நிஜப் பயிற்சியை விடக் குறைவாகவே தரும், நாளாக ஆக அந்தப் பலன் தேய்ந்துவிடும் என்பது அவர்கள் முடிவு. பாஸ்டன் செல்டிக்ஸ் அணிக்கு 11 முறை பட்டம் வாங்கித் தந்த பில் ரஸ்ஸல், இளவயதில் சக வீரர்களின் அசைவுகளை மனதில் படம் போல ஓட்டிப் பார்த்ததை 1979-ல் வெளிவந்த சுயசரிதையில் சொல்கிறார். ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை, மைதானத்தில் இறங்கி அதைச் செய்தும் பார்த்தார்.

இந்த ஆட்டம் நமக்கு அந்நியமும் அல்ல. 1891-ல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தை உருவாக்கியது அமெரிக்காவின் ஸ்ப்ரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில். அங்கே படித்த ஹாரி குரோ பக் 1920-ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். கோவையில் நாச்சிமுத்து கவுண்டர் கோப்பைக்காக அகில இந்தியப் போட்டியே நடக்கும் அளவுக்கு ஆட்டம் இங்கே வேர் பிடித்துவிட்டது.

கிராமத்துப் பள்ளி மாணவனுக்கு வாரத்தில் இரண்டு நாள்தான் மைதானம் கிடைக்கிறதா? மீதி ஐந்து நாளும் பத்து நிமிடம் மனதில் எறியலாம், வீண் போகாது. ஆனால் அந்த இரண்டு நாளைத் தவற விட்டால், மனதில் ஓட்டப் படமே இருக்காது. அவனுக்கு 24, 23 கதையைச் சொல்பவர்கள், 44-க்கு 26 என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.