பல்லா, கல்லா?

பதினைந்து வருஷத்துக்கு முன்னாடி மூன்று கட்டுரை எழுதினேன். ஒன்று பல்லைப் பற்றி, ஒன்று ரத்தினத்தைப் பற்றி, ஒன்று நிறத்தைப் பற்றி. போன வாரம் பரணைச் சுத்தம் பண்ணும்போது அச்செடுத்து வைத்திருந்த தாள்கள் கிடைத்தன. உட்கார்ந்து படிச்சேன். சில இடம் பரவாயில்லை. சில இடம்... ஐயோ சாமி.

மூன்றுக்கும் ஊர் ஒன்றுதான். பெரம்பலூர், அரியலூர் வட்டாரம். இந்தப் பக்கம் ஒரு காலத்தில் கடல் இருந்தது என்பதை இங்கே சின்னப் பிள்ளைகளும் சொல்லும். சிமெண்ட் ஆலைக்காரன் வெட்டி எடுக்கும் சுண்ணாம்புக்கல்லே அந்தக் கடல் சிப்பிகளின் சமாதிதான். திருச்சி - சென்னை சாலையிலிருந்து கிழக்கே பிரிந்து காரை என்கிற ஊருக்குப் போனால், மழை அரித்து அரித்து வெள்ளரிக்காய் மாதிரி கீறிப் போட்ட களிமண் மேடுகள். நடுநடுவே ஜிப்சம் கண்ணாடித் துண்டு போல மினுங்கும். துப்பாக்கித் தோட்டா மாதிரி பெலம்னைட் கிடக்கும் (கணவாய் மீனின் பழைய சொந்தக்காரன்). கொடுப்பினை இருந்தால் சுறாப் பல் கிடைக்கும். வயசு சுமார் 10 கோடி வருஷம்.

2008ல் எனக்குக் கொடுப்பினை இருந்தது. கட்டைவிரல் நகம் அளவு, காப்பிப் பொடி நிறம், ஓரம் இன்னும் கூர். பர்சில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். முதல் கட்டுரை அதைப் பற்றித்தான்.

அதில் எழுதிய வரலாறு இன்றைக்கும் நிற்கிறது. கே, கன்லிஃப் என்று இரண்டு வெள்ளைக்காரர்கள் 1840களில் பாண்டிச்சேரி, விருத்தாசலம், திருச்சி பக்கம் பொறுக்கிய கல்லையெல்லாம் லண்டனுக்கு அனுப்பினார்கள். சிப்பி, நத்தை, அம்மோனைட்டுகளை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846ல் விவரித்தார். மீன் பற்களைப் பார்த்தவர் பிலிப் எகர்டன். பிறகு வந்தவர் ஹென்றி பிளான்ஃபோர்ட், இருபதுகளில் இருந்த பையன். வெயிலில் அலைந்து 1862ல் ஒரு பெரிய அறிக்கை போட்டார். ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என்று பாறை அடுக்குகளுக்கு நம்ம ஊர்ப் பெயரை வைத்தது அவர்தான். உலகத்தில் எந்த மூலையில் இந்தப் பாறையைப் பற்றிப் பேசினாலும் 'ஊட்டத்தூர்' என்று நாக்கைச் சுழற்றித்தான் ஆகணும் :-) அதே ஆள் பின்னால் இந்திய வானிலை ஆய்வுத் துறைக்கு முதல் தலைவர் ஆனார். கல் பார்த்த கண் மேகம் பார்க்கப் போச்சு.

பிளான்ஃபோர்ட் திரட்டியதில் ஒரு டைனோசர் பல்லும் உண்டு. அதை 'மெகலோசாரஸ்' என்று எழுதிவிட்டார்கள். அந்தப் பெயர் இங்கிலாந்தில் கிடைத்த எலும்புக்கு 1824ல் வைத்தது. அந்தக் காலத்தில் கறி தின்னும் டைனோசர் பல் எங்கே கிடைத்தாலும் இந்தப் பெயரில் தள்ளிவிடுவது வழக்கம். நானும் 'அரியலூரில் மெகலோசாரஸ் உலாவியது' என்று ஜம்பமாக எழுதி வைத்திருக்கிறேன். அது தப்பு. இன்றைக்கு யாரும் அப்படிச் சொல்வதில்லை.

அந்தக் கட்டுரைக்கு அப்புறம்தான் இன்னொரு சுவாரசியம் நடந்தது. 2013ல் அரியலூர் பக்கம் கல்லமேட்டில் கிடைத்த ஒரே ஒரு குட்டிப் பல்லை வைத்து, அது ட்ரூடான்டிட் வகை டைனோசர் என்று அறிவித்தார்கள். அதுவரை வட கண்டங்களில் மட்டுமே தெரிந்த கூட்டம் அது. சில மில்லிமீட்டர் பல், கண்டங்கள் நகர்ந்த கதையையே கொஞ்சம் திருத்த வைத்தது.

அதே கல்லமேட்டில் இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. யாதகிரி, அய்யாசாமி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1980களில் இரண்டு மீட்டர் நீளக் காலெலும்பு உட்பட ராட்சச எலும்புகளைப் பற்றி எழுதினார்கள். பிருஹத்காயோசாரஸ் என்று பெயர். பெருத்த உடம்புக்காரன்! ஆனால் எலும்பு அதற்குள் உதிர்ந்துவிட்டது. ஈரக் களிமண்ணில் ஊறிக் கிடந்ததை எடுத்தால் பொடிப்பொடி. அது எலும்பே இல்லை, மரம் என்றுகூடச் சிலர் சந்தேகப்பட்டார்கள். 2022ல் பழைய புகைப்படங்கள் வெளியான பிறகுதான் பேச்சு மறுபடி சூடுபிடித்தது. இதை ஏன் இழுக்கிறேன் என்பது கடைசியில் புரியும்.

இரண்டாவது கட்டுரை ரத்தினம். ஊட்டத்தூர்ச் சிவனுக்குப் பெயரே சுத்தரத்தினேஸ்வரர், அங்கிருந்து ஆரம்பித்திருந்தேன். அதிலிருந்து நாகரத்தினத்துக்குத் தாவல். பாம்பு ரத்தினம் கக்கும் என்று நம்ம பாட்டிகள் சொல்வார்கள் இல்லையா, ஐரோப்பாவில் தேரை தலைக்குள் மணி இருக்கும் என்று நம்பி மோதிரத்தில் பதித்துப் போட்டுக்கொண்டார்கள். விஷத்துக்கு மாற்று என்று. அந்த மணியை இப்போது எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் லெபிடோட்டஸ் என்ற பழங்கால மீனின் உருண்டைப் பல்! சுறாப் பல்லை 'நாக்குக் கல்' என்றார்கள். 1666ல் இத்தாலிக் கரையில் பிடிபட்ட ஒரு சுறாவின் தலையை அறுத்துப் பார்த்த ஸ்டீனோ என்ற டென்மார்க் வைத்தியர்தான், அடுத்த வருஷம் 'கல் இல்லைய்யா, பல்' என்று எழுதினார்.

நிறத்தைப் பற்றிய மூன்றாவது கட்டுரைதான் என்னைக் கெடுத்தது.

கருடமங்கலம் சிப்பிப் பாறையில் ஆரம்பித்திருந்தேன். கருஞ்சாம்பல் கல்லில் வெள்ளை வெள்ளையாய்ச் சிப்பி. பாலிஷ் போட்டால் அவ்வளவு அழகு. 'திருச்சி மார்பிள்' என்ற பெயரில் அந்தக் காலத்தில் அலங்காரச் சாமானுக்குப் போனது. சில சிப்பிகளில் உள்பக்கப் பளபளப்பு இன்னும் அப்படியே. அதோடு நிறுத்தியிருக்கலாம். 'பல் கறுப்பாக இருந்தால் வயசு அதிகம், வெளுப்பாக இருந்தால் குறைவு' என்று ஒரு பொன்மொழி வேறு உதிர்த்திருக்கிறேன். சுத்த அபத்தம். புதைந்து கிடக்கும் இடத்தில் இரும்பு, பாஸ்பேட், மாங்கனீசு என்று எது ஊறுகிறதோ அதன் சாயம்தான் பல்லில் ஏறும். பக்கத்துப் பக்கத்தில் ஒரே வயசுப் பற்கள் இரண்டு நிறத்தில் கிடைக்கும்.

அப்புறம் பிரான்ஸ் நாட்டு சிமோர் கதை. அங்கே யானையின் ஒன்றுவிட்ட உறவான மாஸ்டடானின் தந்தங்கள் மண்ணுக்குள் கிடைத்தன. அதைச் சுட்டால் நீலமாகும். பச்சை நீலக் கல் (டர்க்காய்ஸ்) என்று தேவாலயச் சாமான்களில் பதித்தார்கள். ரெயோமூர் என்ற அறிஞர் 1715ல் இதை விவரித்திருக்கிறார். தந்தமும் பல்தானே. பல் ரத்தினமாகிறது, நெருப்பில் நிறம் மாறுகிறது. என் மூன்று விஷயமும் ஒரே இடத்தில்! சும்மா இருப்பேனா?

எங்க தெரு பத்தரிடம் போனேன். எண்பதைத் தொட்ட மனுஷன். பல்லைக் கையில் வாங்கி, லென்சைக் கண்ணில் செருகி ரொம்ப நேரம் பார்த்தார்.

"தம்பி, இது பல்லா கல்லா?"

"இரண்டும்தாங்க."

"கல்லுன்னா ஊதிப் பார்க்கலாம். பல்லுன்னா எனக்குத் தெரியாது. போனா போனதுதான், சம்மதமா?"

சம்மதம்னேன். மெதுவாத்தான் ஊதினார். நீலமெல்லாம் வரவில்லை. சாம்பல் பூத்தது, 'டிக்'னு ஒரு சத்தம், மூன்று துண்டு. பத்தர் கூலி வாங்கலை. துண்டுகளை இடுக்கியால் பொறுக்கித் தாளில் மடித்துக் கொடுத்தார். "வச்ச இடத்துலயே வச்சிருக்கலாம் தம்பி" என்று மட்டும் சொன்னார்.

ஏன் நீலம் வரவில்லை என்பது அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டது. சிமோர் தந்தத்தில் ஊறியிருந்த மாங்கனீசு, 600 டிகிரி சூட்டில் வேறு வடிவத்துக்கு மாறுவதால்தான் அந்த நீலம் என்று 2001 வாக்கில் கண்டுபிடித்துச் சொன்னார்கள். மாங்கனீசு போதுமான அளவு ஊறாத பல்லை எத்தனை ஊதினாலும் ஆகாது. இந்தச் சம்பவத்தை நான் அந்தக் கட்டுரையில் எழுதவே இல்லை. 'சுட்டுப் பார்த்தால் நம்ம ஊர்ப் பல்லும் நீலமாகக்கூடும்' என்று முடித்திருக்கிறேன். சுட்டு உடைத்த பிறகு எழுதின வரி அது! யாராவது அதைப் படித்துவிட்டு அடுப்பு மூட்டியிருந்தால் அந்தப் பாவமும் எனக்குத்தான்.

2020ல் குன்னம் பக்கம் உருண்டைக் கல் கிடைத்து, டைனோசர் முட்டை என்று வாட்ஸப் முழுக்க ஓடியது. போய்ப் பார்த்தவர்கள் அம்மோனைட் காலத்துக் கடல் படிவு என்றார்கள். சனங்களைப் பார்த்துச் சிரித்தேன். இப்போது இந்தத் தாள்களைப் படித்துவிட்டு அந்தச் சிரிப்பை வாபஸ் வாங்குகிறேன்.

கல்லமேட்டு எலும்பு உதிர்ந்தாலும் அளவும் படமும் இடமும் எழுதி வைத்திருந்தார்கள். அதனால் நாற்பது வருஷம் கழித்தும் சண்டை போட முடிகிறது. என் பல்லுக்குப் படம்கூட இல்லை. பத்தர் கொடுத்த தாள் மடிப்பு இன்னும் அலமாரியில் இருக்கிறது. நேற்று அதன் மேல் எழுதி வைக்கலாம் என்று பேனா எடுத்தேன். 'சுறாப் பல், காரை, 2008' வரைக்கும் வந்தது. எந்த ஓடை, மேல் அடுக்கா கீழ் அடுக்கா என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரலை.