எண்ணிய பின் எடுக்கும் சீட்டு

சீட்டாட்டம் என்றதும் பலர் முகஞ்சுளிப்பர். பணயம் வைத்து ஆடிக் குடும்பங்கள் அழிந்ததைக் கண்ட நாட்டில் அது இயல்பே. ஆயினும், அதிர்ஷ்டத்தைக் கணக்கினால் அடக்க முயன்ற சீட்டாட்டங்களும் உண்டு. அவற்றின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

பாலக்காட்டுச் சமவெளியிலும், மூணாறு, மறையூர் முதலிய இடுக்கி மலைப்பகுதிகளிலும் தமிழும் மலையாளமும் கலந்தே வழங்குகின்றன. கேரளத்தில் பரவலாக ஆடப்படுவது 'இருபத்தெட்டு'. நால்வர் இருவர் இருவராகக் கூடி 32 சீட்டுகளைக் கொண்டு ஆடுவர். ஜாக்கிக்கு 3, ஒன்பதுக்கு 2, ஆஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று என ஓரினத்துக்கு 7. நான்கு இனங்களுக்கும் 28. யாழ்ப்பாணத்தார் ஆடும் 'முந்நூற்று நான்கு' இதன் உடன்பிறப்பே. ஜாக்கியும் ஒன்பதும் முதன்மை பெறுவதை டச்சுக்காரரின் துருப்பாட்டத்திலும் காண்கிறோம். அவர்கள் கொச்சியை 1663 முதல் 1795 வரை ஆண்டனர். இலங்கைக் கரையோரத்தை 1796-இல் இழந்தனர். நாம் 'கிளாவர்' என்பதும் டச்சுச் சொல்லே. அவர்களோடு இவ்வாட்டமும் வந்திருக்கலாம் என்று கருத இடமுண்டு.

இருபத்தெட்டில் முதல் நான்கு சீட்டுகளை மட்டும் கண்டு ஏலம் கேட்கவேண்டும். கூட்டாளியின் கை மறைந்தே இருக்கும். பிரிட்ஜ் ஆட்டத்திலோ முதற்சீட்டு விழுந்ததும் கூட்டாளியின் 13 சீட்டுகளும் மேசைமேல் விரிக்கப்படும். ஏலம் எடுத்தவர் 26 சீட்டுகளைக் கண்ணாலும், எஞ்சிய 26 சீட்டுகளைக் கருத்தாலும் காணவேண்டும்.

1925-ஆம் ஆண்டு, பனாமாக் கால்வாய் வழியே சென்ற 'பின்லாந்து' என்னும் கப்பலில் அமெரிக்கரான ஹரால்டு வாண்டர்பில்ட் புதிய கணக்குமுறை ஒன்றை வகுத்தார். ஏலத்தில் கேட்ட பிடிகளே ஆட்ட வெற்றிக்குரிய கணக்கில் சேரும் என்றார். அன்றுமுதல் சொன்ன சொல்லைக் காப்பதே ஆட்டமாயிற்று, திட்டமிடுதலும் இன்றியமையாததாயிற்று.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். துருப்பின்றி 9 பிடிகள் எடுப்பதாகச் சொல்லிவிட்டோம். மற்ற இனங்களில் உறுதியானவை 4. மேசைமேல் கிளாவரில் ஆஸ், ராஜா, சிறியவை நான்கு. நம் கையில் சிறியவை இரண்டு. மேசைக்குச் செல்ல வேறு வழியில்லை. ஆஸையும் ராஜாவையும் உடனே ஆடினால் எதிரியிடம் ஒரு கிளாவர் எஞ்சும். நம் சிறிய சீட்டுகள் பயனின்றிக் கிடக்கும். முதற்சுற்றில் இருபுறமும் சிறியதையே இட்டு ஒரு பிடியை விட்டுக்கொடுப்போமாக. எதிரிகளின் ஐந்து கிளாவர்களும் மூன்றும் இரண்டுமாகப் பிரிந்திருந்தால், கையில் எஞ்சிய ஒன்றைக்கொண்டு மேசைக்குச் சென்று ஐந்து பிடிகளையும் பெறுவோம். அவ்வாறு பிரிய நூற்றுக்கு 68 வாய்ப்பு உண்டு. ஆனால் இவ்வெண்ணம் முதற்சீட்டுக்கு முன்பே எழவேண்டும். பின்னர் எழுந்தால் வருத்தமே மிஞ்சும்.

2018-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் பிரணாப் பர்தன், சிப்நாத் சர்க்கார் இருவரும் பிரிட்ஜில் இந்தியாவுக்குத் தங்கம் ஈட்டினர். அப்போது பர்தனுக்கு வயது 60. சீட்டைப் பங்கிடுவது அதிர்ஷ்டம்; அதை ஆளுவது அறிவு. இழக்கவேண்டியதை உரிய காலத்தில் இழக்கத் தெரிந்தவனே, சொன்ன சொல்லைக் காக்கிறான்.