பழைய கார் போல்ட்டுகளின் மேற்பூச்சு மீட்பு

பழைய காரைப் புதுப்பிக்கும்போது அதன் போல்ட், நட்டுகளின் துருவை நீக்கி, தொழிற்சாலையில் பெற்ற மேற்பூச்சை மறுபடி ஏற்றும் வேலை இது. 1961 முதல் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு போன்ற கார்களுக்கு இது மிக அவசியம். அவற்றின் மரைகள் அங்குல அளவிலானவை. இன்று கடையில் சுலபமாகக் கிடைக்கும் மில்லிமீட்டர் போல்ட் அவற்றில் ஏறாது. தலையிலுள்ள குறியையும் தேய்த்து அழித்துவிடக் கூடாது. அமெரிக்கத் தர முறையில் மூன்று கோடு என்றால் ஐந்தாம் தரம், ஆறு என்றால் எட்டு.

கடற்காற்று எட்டாத வாடிப்பட்டி போன்ற உள்நாட்டு ஊர்களில் துரு மெதுவாகவே பிடிக்கும். பிடித்த துருவை நீக்க, போல்ட்டுகளை மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கிரீஸைப் போக்கி, கம்பி பிரஷால் தேய்த்து, வினிகரில் ஓர் இரவு போட்டால் செந்துரு கழன்று சாம்பல் நிற எஃகு தெரியும். உடனே சமையல் சோடா நீரில் அலசிக் காயவைக்க வேண்டும். ஈரத்தோடு விட்டால் கண்ணெதிரே மறுபடி சிவக்கும்.

அடுத்தது துத்தநாக முலாம். எஃகுக்கு முன்னால் துத்தநாகம் அரிபட்டு அதைக் காக்கிறது. சில மைக்ரான் கனம் போதும். தடித்தால் நட்டு இறங்காது. முலாம், அரிமானம் இரண்டையும் ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் காரைக்குடியில் 1953 முதல் இயங்குகிறது.

ஆபத்து ஒன்று உண்டு. அமிலத்திலும் முலாம் தொட்டியிலும் உண்டாகும் ஹைட்ரஜன் உயர்வலு எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கவைக்கும். அதனால் மில்லிமீட்டர் முறையின் 10.9 தரத்துக்கு இணையானதும் அதற்கு மேற்பட்டதுமான போல்ட்டுகளை முலாமிட்ட உடனே சுமார் 200 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் வாட்டுவார்கள். ஸ்டீயரிங், பிரேக் போல்ட்டுகளில் இந்த முயற்சியே வேண்டாம். சரியான தரத்தில் புதிதாக வாங்கிப் போடுவதுதான் முறை.